பாகம் எண் பத்தொன்பது

என்னைப் பற்றி ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் சொன்னபடி கேட்கிறவன். லிஃப்ட்டில் ‘ஆறு பேர் மட்டும்’ என்று எழுதியிருந்தால், ஏழாவதாக என் மனைவியே வந்து நின்றாலும் மாடிப்படியைக் காட்டுவேன். ஒருமுறை காட்டியும் இருக்கிறேன். ஒன்பது மாடி. அதற்குப் பிறகு மூன்று நாள் எங்கள் வீட்டில் பாத்திரங்கள் மட்டும்தான் பேசின.

லிஃப்ட் பழுது பார்ப்பது என் தொழில். நடுவழியில் மாட்டிக்கொண்டவர்களை வெளியே எடுப்பதும் அதில் சேர்த்தி. உள்ளே இருப்பவர்கள் கத்துவார்கள், அழுவார்கள், சிலர் என் பரம்பரையைப் பற்றி விசாரிப்பார்கள். நான் வெளியே நின்று இருபத்திரண்டு வருஷமாக ஒரே வசனத்தைச் சொல்லிவருகிறேன்: “பயப்படாதீங்க. காத்து வரும். கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க.” என் மகள் மழலையில் பேசிய முதல் முழு வாக்கியமே இதுதான். குளியலறைத் தாழ்ப்பாள் சிக்கி நான் உள்ளே தவித்தபோது, வெளியே நின்று சொன்னாள்.

அந்த மகள் மூன்று வருஷத்துக்கு முன்பு முதல் வேலையில் சேர்ந்ததும் எனக்கு வாங்கித் தந்ததுதான் எங்கள் காபி மெஷின். மேலே தொட்டியில் தண்ணீர், நடுவே காகித வடிகட்டியில் பொடி, கீழே கண்ணாடிக் குடுவை. பொத்தானை அழுத்தினால் தண்ணீர் சூடாகிப் பொடியின் மேல் சொட்டுச் சொட்டாக இறங்கும். குடுவை நிறைய ஏழு நிமிஷம். தினமும் காலையில் அந்த ஏழு நிமிஷம் அடுப்படியில் நாங்கள் இருவரும் நின்றுகொண்டு பேசுவோம். பெரிதாக ஒன்றும் பேசிவிட மாட்டோம். அவள் அலுவலகத்தில் யாருக்கு யாரோடு சண்டை, என் லிஃப்ட்டில் யார் மாட்டினார்கள், அவ்வளவுதான். குடுவை நிறைந்ததும் அவள் பேருந்துக்கு ஓடுவாள்.

போன மாதம் அவளுக்குத் தொலைவில் வேறு வேலை கிடைத்தது. அதே மாதம் மெஷின் நின்றது.

தப்பு என்னுடையது. மெஷினைத் தயாரித்த நிறுவனம் ‘பழுது வருமுன் காப்போம்’ என்று ஒரு முகாம் நடத்தியது. எல்லோரும் மெஷினை எடுத்து வரலாம் என்று அறிவித்திருந்தார்கள். ‘லாம்’ என்று எழுதியிருந்தாலும் எனக்கு அது ‘வேண்டும்’ என்றுதான் கண்ணில் படும். நன்றாக ஓடிக்கொண்டிருந்ததைத் தூக்கிக்கொண்டு போனேன். ஈரத்துணியால் துடைத்து, தொட்டியின் மூடியில் வெள்ளி நிறத்தில் பளபளவென்று ஒரு உத்தரவாத முத்திரையை ஒட்டிக் கொடுத்தார்கள். மறுநாளிலிருந்து அரைக் கோப்பை சொட்டும். பிறகு ஒரு பெருமூச்சு விடும். அத்தோடு சரி.

கையேட்டில் சொன்னபடி வினிகர் கலந்த தண்ணீரை ஓட்டி உப்பை எடுத்தேன். ஊசியால் தண்ணீர் சொட்டும் துளைகளைக் குத்தினேன். ரப்பர் வளையத்தைக் கழற்றிக் கழுவி மாட்டினேன். வடிகட்டிக் காகிதத்தை மாற்றினேன். அரைக் கோப்பை, பெருமூச்சு.

மகள் கிளம்பும் நாள் வந்தது. மாலை ஆறு மணிக்கு ரயில். “போறப்ப இந்த மெஷின் காபிதான் உனக்கு ஃபிளாஸ்க்ல” என்று வாக்குக் கொடுத்திருந்தேன்.

“கடையில வாங்கி ஊத்திக் குடுத்தா அவ வேண்டாம்னா சொல்லப்போறா?” என்றாள் மனைவி.

“ஒரு மணி நேர வேலை. சர்வீஸ் சென்டர்ல காட்டிட்டு வந்துடறேன்.”

காலை பத்து மணிக்குக் ‘காபி இயந்திர நலக் காப்பு மையம்’ என்ற பலகைக்குக் கீழே, கைக்குழந்தையைப் போல மெஷினை அணைத்துக்கொண்டு நின்றேன். கம்பிவலைக் கதவு. காவலாளி மெஷினின் கைப்பிடியில் ஒரு பட்டையைக் கட்டினார். நாற்பத்தேழு.

“கையை நீட்டுங்கண்ணே.”

“எனக்கு எதுக்குங்க?”

“மெஷினுக்கும் உங்களுக்கும் ஒரே நம்பர். நம்பர் முடிஞ்சா ரெண்டு பேரும் போகலாம்.” என் மணிக்கட்டிலும் ஒன்றைக் கட்டினார். “போனைக் குடுங்க. அதிர்வு மெஷினுங்களுக்கு ஆகாது.”

“நம்பர் எப்ப முடியும்?”

“அதை உள்ளே கேளுங்க. நான் உள்ளே விடுற ஆள்.”

“வெளியே விடுற ஆள் யாரு?”

“அந்த வேலைக்கு இன்னும் ஆள் எடுக்கலைண்ணே” என்று சொல்லிவிட்டு, எனக்குப் பின்னால் கதவைச் சாத்தினார். இருபத்திரண்டு வருஷ அனுபவத்தில் சொல்கிறேன், சாத்தும் சத்தத்திலேயே தெரியும், எந்தக் கதவு திறக்கும், எது திறக்காது என்று. நான் அதைக் கண்டுகொள்ளவில்லை. வரிசையில் நில்லுங்கள் என்று எழுதியிருந்தது. நின்றேன். வரிசையில் நான் மட்டும்தான்.

பதிவு மேஜையில் ஒரு அம்மையார். மூக்குக் கண்ணாடி கழுத்தில் தொங்கியது, எழுதும்போதும் அங்கேயேதான் தொங்கியது.

“பழுது யாரால? மூணு கட்டம் இருக்கு. தண்ணியாலயா, கரண்ட்டாலயா, உங்களாலயா?”

“மெஷினாலன்னு நினைக்கிறேன்மா.”

அவர் படிவத்தை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். வெளிச்சத்தில் தூக்கியும் பார்த்தார். “அப்படி ஒரு கட்டம் அச்சடிக்கலையே சார்.” குரலில் உண்மையாகவே வருத்தம் இருந்தது. மூன்றாவது கட்டத்தில் டிக் அடித்தார்.

அடுத்தது பரிசோதனைக் கூடம். மூத்த பரிசோதகர் வெள்ளைக் கையுறை போட்டிருந்தார். தொட்டியில் தண்ணீர் ஊற்றினார். மூடியைத் திறந்தபடியே விட்டு, பொத்தானை அழுத்தினார். மெஷின் ஏதோ நல்ல பிள்ளை மாதிரி சொட்டுச் சொட்டென்று குடுவை நிறைய இறக்கியது.

“ஓடுது.”

“வீட்டுல ஓடலைங்க.”

“அப்ப வீடு ரிப்பேர்” என்று எழுதிக்கொண்டார்.

“சார், மூடியைத் திறந்து வச்சு ஓட்டக் கூடாதுன்னு ஆறாம் பக்கத்துல இருக்கே?”

“அது பயன்படுத்துறவங்களுக்கு. நாங்க பயன்படுத்துறதில்லை. நீர்மட்டம் பாக்குறோம். திறந்து வச்சாத்தானே தெரியும்?”

நியாயமாகத்தான் பட்டது. ஆறாம் பக்கத்தை அவருக்கே ஞாபகப்படுத்தியதற்காக மன்னிப்பும் கேட்டுக்கொண்டேன்.

“ஒரு பழுதைப் பழுதுன்னு நாங்க ஏத்துக்கணும்னா, அது என் கண் முன்னால மூணு தடவை நடக்கணும்” என்றார். பதினோரு தடவை ஓட்டினார். பதினோரு தடவையும் மெஷின் என் மானத்தை வாங்கியது. பன்னிரண்டு மணி ஆகிவிட்டது.

“சரிங்க, பழுது இல்லைன்னே வச்சுக்கங்க. நான் எடுத்துட்டுப் போயிடறேன்.”

“பழுது இல்லாத மெஷினுக்கு வெளியேறும் சீட்டு எப்படித் தர முடியும்? சீட்டுல ‘சரிசெய்யப்பட்ட பழுது’ன்னு ஒரு வரி நிரப்பணுமே. பதறாதீங்க, மிச்ச பாகத்தையும் பாத்துடுவோம்.” கையேட்டின் கடைசிப் பக்கத்தைத் திருப்பிக் காட்டினார். பாகங்களின் பட்டியல். ஒன்று, நீர்த்தொட்டி. இரண்டு, மூடி. அப்படியே போய்ப் பதினெட்டு, மின்கம்பி. அதற்குக் கீழே எறும்பு எழுத்தில்: பத்தொன்பது, பயனாளர்.

“பதினெட்டும் சரியா இருக்கு” என்றவர் என்னை மேலிருந்து கீழாகப் பார்த்தார். “உட்காருங்க.”

மெஷினுக்குப் பக்கத்தில் அதே மேடையில் உட்காரவைத்தார்கள். வெறும் கையால் தண்ணீர் ஊற்றிக் காட்டச் சொன்னார்கள். ஊற்றினேன். “சிந்துது” என்றார் பரிசோதகர். கரண்டியில்லாமல் பொடி அள்ளிப் போட்டுக் காட்டினேன். “கை நடுங்குது. எப்பலேருந்து?”

“காலையில பத்து மணியிலேருந்துங்க.”

“உப்பு படிஞ்சிருக்கா?”

“கொஞ்சம் ரத்தக் கொதிப்பு உண்டு.”

“வினிகர் தண்ணி விட்டுப் பாத்தீங்களா?”

“விட்டேங்க, ரெண்டு தடவை.”

“மெஷின்ல இல்லை. பத்தொம்போதுல.”

இல்லை என்று தலையாட்டினேன். அவர் உச்சுக்கொட்டி எழுதிக்கொண்டார்: ‘பராமரிப்புக் குறைவு.’ என்னைக் கண்காணிப்பில் வைக்கச் சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

கண்காணிப்பு அறையில் நீளமான பெஞ்சுகள். ஒவ்வொருவர் மடியிலும் ஒரு மெஷின். எனக்குப் பக்கத்தில் ஒரு தையல்கார அக்கா, கையில் பன்னிரண்டாம் நம்பர். யாருடைய சட்டைக்கோ காஜா எடுத்துக்கொண்டிருந்தார்.

“உங்களுது என்னக்கா கோளாறு?”

“அரைக் கோப்பை சொட்டும். அப்புறம் பெருமூச்சு.”

“எனக்கும் அதேதான்.”

“இங்க எல்லாருக்கும் அதேதான். முகாமுக்குப் போய் வந்ததுலேருந்து.” பல்லால் நூலைக் கடித்தார். “நல்லவேளை, பழுதைத் தடுக்க முகாமுக்காவது போனோம். போகாம இருந்திருந்தா என்ன ஆயிருக்குமோ!”

“எவ்வளவு நேரமா இருக்கீங்க?”

“இன்னிக்கு நாலாம் நாள்.”

“ராத்திரி?”

“ஆறு மணிக்கு போர்வை குடுப்பாங்க. போர்வையைக் குறை சொல்லக் கூடாது தம்பி, மெத்துமெத்துன்னு இருக்கும்.”

நான் எழுந்துபோய்ப் பதிவு அம்மையாரிடம் நின்றேன். ஆறு மணிக்கு ரயில், மகள் போகிறாள், நான் அனுப்பிவைக்க வேண்டும் என்றேன். அவருக்குக் கண் கலங்கிவிட்டது. தன் மகனும் வெளியூரில்தான் என்றார். பிறகு, வேறெந்த உதவியும் அவர் மேஜையில் இல்லாததால், எனக்கு ஒரு போர்வையை முன்கூட்டியே கொடுத்தார்.

மூன்று மணிக்கு மணி அடித்தது. தடுப்பு வகுப்பு. மெஷினோடு எல்லோரையும் கூடத்துக்கு ஓட்டிக்கொண்டு போனார்கள். சுவர் நெடுகக் கண்ணாடிப் பெட்டிகள், உள்ளே பிளாஸ்டிக் உறை பிரிக்காத மெஷின்கள், ஒவ்வொன்றுக்கும் ஒரு பதக்கம். மேடையில் மைய இயக்குநர்.

“அன்பார்ந்த பத்தொன்பதுகளே!” என்று தொடங்கினார். “பழுது எப்போது வருகிறது? பயன்படுத்தும்போது. தண்ணீரை நிறுத்தினால் உப்புப் படியுமா? மின்சாரத்தை நிறுத்தினால் கம்பி கருகுமா? பெட்டிகளில் இருக்கும் இந்த மெஷின்களைப் பாருங்கள். ஆறு வருஷம். ஒரு சொட்டு இறக்கியதில்லை. ஒரு பழுது வந்ததில்லை. இவையல்லவா இயந்திரங்கள்!”

கைதட்டினோம். கைதட்டவும் என்று ஒருவர் அட்டையைத் தூக்கிப் பிடித்திருந்தார். முதலில் தட்டியது நான்தான்.

“இந்த மையத்திலிருந்து வீட்டுக்குப் போன ஒரு இயந்திரம்கூட மறுபடி பழுதென்று திரும்பி வந்ததில்லை!”

“ஒண்ணும் போகலையே” என்று அக்கா முணுமுணுத்தார்.

“முகாம் நடத்துவதற்கு முன்பு மாதத்துக்கு நாலு பேர் வந்தார்கள். முகாமுக்குப் பிறகு நாளுக்குப் பத்துப் பேர் வருகிறீர்கள். மக்களிடம் எத்தனை விழிப்புணர்வு! அடுத்த மாதம் இன்னும் மூன்று முகாம் நடத்தப்போகிறோம்.” தண்ணீர் குடித்தார். குரல் கடுமையானது. “ஆனால் ஒன்று. முத்திரை! அதன் ஓரத்தை நகத்தால் கிள்ளினால்கூட உத்தரவாதம் போய்விடும். உத்தரவாதம் போன மெஷின், கழிவு. கழிவுக்கு இந்த வளாகத்தில் ஒரு நிமிஷம்கூட இடமில்லை. பத்தொன்பது பாகங்களோடும் பின்வாசல் வழியாகத் தெருவில் தள்ளப்படும். அந்த அவமானம் யாருக்கும் வரக் கூடாது.”

நான் அவசரமாக மூடியை உள்ளங்கையால் பொத்திக்கொண்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், பொத்திக்கொண்டேன். வீட்டு டிவி ரிமோட்டுக்கு எட்டு வருஷமாகப் பிளாஸ்டிக் உறை பிரிக்காதவன் நான்.

வகுப்பு முடிந்து திரும்புகையில் இயக்குநர் அறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே ஒரு ஊழியர் பாத்திரத்தில் கொதித்த காபியைத் துணியில் வடிகட்டிக்கொண்டிருந்தார். நான் பார்ப்பதை இயக்குநர் பார்த்துவிட்டார்.

“என்ன பாக்குறீங்க? நாலு மணிக்கு நேரத்துக்கு காபி வேணும். அதுக்குப் போய் மெஷினை நம்ப முடியுமா?”

சுவர்க் கடிகாரத்தில் ஐந்து மணி. வீட்டில் இந்நேரம் மகள் பெட்டியைப் பூட்டியிருப்பாள். நான் போர்வையை மடியில் வைத்து, அதன்மேல் மெஷினை வைத்து, அதன்மேல் முகவாயை வைத்து உட்கார்ந்திருந்தேன்.

“நாப்பத்தேழு! கதவாண்ட யாரோ வந்திருக்காங்க.”

கம்பிவலைக்கு அந்தப் பக்கம் என் மகள். அவளுக்குப் பின்னால் ஒரு டாக்ஸி, கூரையில் பெட்டிகள், ஜன்னலில் என் மனைவியின் முகம். அந்த முகத்தை நான் அதிக நேரம் பார்க்கவில்லை.

“ஒரு மணி நேரம்னு சொல்லிட்டுப் போனீங்களேப்பா! போனும் எடுக்கலை. உத்தரவாத அட்டையில விலாசம் பாத்து வந்தோம்.”

“நம்பர் முடியலைம்மா.”

“கையில என்ன பட்டை?”

“நான் பாகம்மா.”

“என்ன பாகம்?”

“பத்தொம்போது.”

அவள் என்னையே பார்த்தாள். “அம்மா காலையிலயே சொன்னா. கூடப் போடி, அந்த மனுஷன் யார் எதைச் சொன்னாலும் தலையாட்டுவாருன்னு. இறங்கி வந்தா கடிச்சிடுவான்னுதான் அவளை வண்டியிலயே உட்கார வச்சிருக்கேன்.”

“நீ கிளம்பும்மா. ரயிலை விட்டுடாதே. காபிதான்...”

“காபி கிடக்குதுப்பா!”

டாக்ஸிக்காரர் ஹாரன் அடித்தார். இனி எத்தனை மாதமோ. காலையில் ஏழு நிமிஷம் யாரிடம் பேசுவேன்? என்னை அறியாமல் கம்பிவலையை இரண்டு கையாலும் பிடித்து உலுக்க ஆரம்பித்திருக்கிறேன். காவலாளி “அண்ணே, அண்ணே” என்று ஓடிவந்தார். மகள் வலைக்குள் விரலை விட்டு என் விரலைப் பிடித்துக்கொண்டாள். சிரிக்கத்தான் பார்த்தாள்.

“பயப்படாதீங்க. காத்து வரும். கதவைப் பிடிச்சு இழுக்காதீங்க.”

கையை எடுத்தேன்.

காற்று.

லிஃப்ட் கூண்டின் மேலேயும் கீழேயும் துளைகள் இருக்கும். அதனால்தான் தைரியமாக அந்த வசனத்தைச் சொல்கிறேன். என் மெஷினின் மூடியிலும் ஒரு ஓரத்தில் அரிசி அளவு துளை ஒன்று இருந்தது. மூன்று வருஷமாகத் துடைத்திருக்கிறேன். தண்ணீர் இறங்க இறங்க அதன் வழியாகத்தான் தொட்டிக்குள் காற்று போகும். இப்போது அந்த இடத்தில் வெள்ளி முத்திரை. சுற்றிலும் ரப்பர் வளையம், துளைக்கு மேலே முத்திரை, அரைக் கோப்பையோடு தண்ணீர் மூச்சுமுட்டி நின்றுவிடுகிறது. மூடியைத் திறந்து வைத்தால் ஏன் ஓடாது? பதினோரு தடவை என் கண் முன்னால் ஓடியது! இதுகூடத் தோன்றாத லிஃப்ட்காரன் நான், இனிமேல் யாராவது தொழில் என்னவென்று கேட்டால் தையல் என்று சொல்லிக்கொள்ளலாம் என்றிருக்கிறேன்.

“வாசல்லயே நில்லும்மா. இல்லை, பின்வாசலுக்கு வண்டியை விடச் சொல்லு” என்று கத்திவிட்டு உள்ளே ஓடினேன்.

நான் சொன்னதைப் பரிசோதகர் பொறுமையாகக் கேட்டார். “துளை எங்க பிரிவு. முத்திரை முகாம் பிரிவு. அவங்கதான் எடுக்கணும்.”

“அவங்க எங்க?”

“முகாமுக்குப் போயிருக்காங்க.”

மெஷினை மேடையில் வைத்தேன். கட்டைவிரல் நகத்தை முத்திரையின் ஓரத்தில் வைத்தேன். கை நடுங்கியது, அந்த விஷயத்தில் அவர்கள் கண்டுபிடிப்பு சரிதான். கண்ணை மூடிக்கொண்டு இழுத்தேன்.

பர்ர்ர்.

தொட்டியில் தண்ணீர் ஊற்றி, மூடியை அழுத்திச் சாத்திவிட்டுப் பொத்தானைத் தட்டினேன். சொட்டியது. அரைக் கோப்பையைத் தாண்டியது. முக்கால். முழுக் குடுவை. பெருமூச்சே இல்லை. பரிசோதகர் குடுவையைப் பார்க்கவில்லை. என் விரலில் ஒட்டிக்கொண்டிருந்த முத்திரையைத்தான், பாம்பைப் பார்ப்பதுபோல் பார்த்தார். எங்கோ மணி அடித்தது.

இரண்டு சிவப்பு அட்டைகள் வந்தன. ‘சரிசெய்ய இயலாதது.’ ஒன்றை மெஷினில் கட்டினார்கள், ஒன்றை என் கழுத்தில் மாட்டினார்கள். என்னைப் பின்வாசலுக்குத் தள்ளிக்கொண்டு போனது அதே காவலாளிதான்.

“வெளியே விடுற வேலையை இப்பத்தான்ணே எனக்குக் கூடுதலாக் குடுத்தாங்க” என்றார் பெருமையாக. “நீங்கதான் முதல் ஆள்.” என் போனைச் சட்டைப் பையில் வைத்து, சட்டையையும் தட்டி விட்டார்.

கண்காணிப்பு அறையைத் தாண்டும்போது தையல்கார அக்கா எழுந்து நின்றார். “என்ன தம்பி பண்ணினே?”

“மூடி ஓரத்துல நகத்தை விடுங்கக்கா.”

பின்வாசல் படியில் கால் வைக்கும்போது உள்ளே ஒரு ‘பர்ர்’ கேட்டது. தெருவுக்கு இறங்குவதற்குள் இன்னொன்று. அப்புறம் தையல் கடையில் துணி கிழிக்கிற மாதிரி வரிசையாக.

ரயில் நிலையத்தில் போன் சார்ஜ் போடும் சுவரோரம் மெஷினை வைத்தேன். “ராத்திரி தேவைப்படும்னு எதையோ அணைச்சுட்டு வந்திருக்காரு பாரு” என்று என் தோளில் கிடந்த போர்வையைப் பிடுங்கிய மனைவி, தன் பையிலிருந்து காபிப் பொடியையும் வடிகட்டிக் காகிதத்தையும் எடுத்து நீட்டினாள். “எப்படியும் இதைத் தூக்கிட்டுத்தான் வருவீங்கன்னு தெரியும்” என்றாள். அன்று பூராவும் அவள் என்னிடம் அன்பாகச் சொன்னது அது ஒன்றுதான். எனக்கு அது போதும்.

ரயில் கிளம்பப் பதினைந்து நிமிஷம். குடுவைக்கு ஏழு. மகளும் நானும் அதன் இரண்டு பக்கமும் நின்றுகொண்டோம். புது ஊரில் அவளுக்கு மூன்றாவது மாடியில் அறை, லிஃப்ட் கிடையாதாம். நல்லது என்றேன். பரிசோதகரின் கையுறையைப் பற்றிச் சொன்னேன். வினிகர் விஷயத்தைச் சொன்னபோது பக்கத்தில் போன் சார்ஜ் போட்டுக்கொண்டிருந்தவரும் சேர்ந்து சிரித்தார். கடைசிச் சொட்டு விழும்வரை மெஷின் மூச்சுவிடாமல் ஓடியது, அல்லது மூச்சுவிட்டுக்கொண்டே ஓடியது.

ஃபிளாஸ்க்கை நிரப்பிக் கொடுத்தேன். ரயில் பெட்டி ஜன்னல் வழியாக, மூடியில் ஊற்றி ஒரு வாய் குடித்தாள். நாங்கள் இருவரும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

“அப்பா.”

“என்னம்மா?”

“பொடி கம்மி.”

அவசரத்தில் நாலு கரண்டிக்கு இரண்டுதான் போட்டிருக்கிறேன். ரயில் நகர்ந்தது. அவள் ஜன்னலுக்குள்ளிருந்து கையை நீட்டி, என் கழுத்தில் இன்னும் தொங்கிக்கொண்டிருந்த சிவப்பு அட்டையைக் கழற்றி எடுத்துக்கொண்டாள். “இது எங்கிட்ட இருக்கட்டும்” என்றாள். கூடவே நாலு எட்டு ஓடினேன். பிளாட்பாரத்தில் ஓடக் கூடாது என்று எழுதியிருந்தது.

மெஷின் அதன் பிறகு இன்றுவரை பழுதாகவில்லை. அன்றைய குறை பாகம் எண் பத்தொன்பதுடையது. அதைச் சரிசெய்ய முடியாது என்று அவர்களே எழுதிக் கொடுத்திருக்கிறார்கள். என் மகள் அந்தச் சிவப்பு அட்டையைப் புது அறையின் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருக்கிறாளாம்.